ஓடும் காலும் நிலைக்கும் ஊதியமும்



விளையாட்டுகளில் ஓடுகிறவர்கள் பலர் உண்டு. காற்பந்தாட்டத்தில் ஓடுகிறார்கள், ஹாக்கியில் ஓடுகிறார்கள், கிரிக்கெட்டிலும் ஓடுகிறார்கள். ஆனால், தம்மைப் பிடித்துத் தரையில் சாய்ப்பதற்கென்றே எதிரே நிற்கும் ஆட்களை நோக்கி, அவர்கள் சாய்க்கத்தான் போகிறார்கள் என்று அறிந்தே ஓடுகிறவர்கள் மிகச் சிலர். அத்தகையோரில் இரு வகையினரைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறேன். ஒருவர், அமெரிக்கர் தம் நாட்டில் 'ஃபுட்பால்' என்று வழங்கும் ஆட்டத்தின் 'ரன்னிங் பேக்'. மற்றவர், நம் கபடி ஆட்டத்தில் பாடிச் செல்லும் 'ரைடர்'. இவ்விருவருடைய தொழில் எப்படித் தொடங்குகிறது, எவ்வளவு காலம் நிலைக்கிறது, அது முடிந்த பிறகு அவர்களுக்கு எஞ்சுவது என்ன என்பதே என் பேச்சின் பொருள்.

இதைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. என் சொந்த ஊர் பிச்சாட்டூர். புத்தூரிலிருந்து நாகலாபுரம், ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னைக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர் அது. இப்போது ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது; 2022ஆம் ஆண்டு ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஊரை ஒட்டி ஆரணியாற்றின் குறுக்கே அணை இருக்கிறது. மழைக்காலத்தில் அந்த அணையைத் திறந்தால், கீழே தமிழ்நாட்டில் ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுப்பார்கள். 1960ஆம் ஆண்டு ஏப்ரலில் நடந்த எல்லை மாற்றத்தில் இவ்வட்டாரத்து ஊர்கள் பல ராஜ்யம் மாறின. ஆயினும் ஆற்றுநீரும் மொழியும் ஆட்டமும் எல்லைக்கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. தமிழில் சடுகுடு என்கிறோம். தெலுங்கில் செடுகுடு என்கிறார்கள். ஓர் எழுத்துத்தான் வேறுபாடு, ஆட்டம் ஒன்றே.

எங்கள் பக்கத்தில் பொங்கலையும் சங்கராந்தியையும் ஒட்டிக் கபடிப் பந்தயங்கள் நடப்பதுண்டு. ஒரே வீட்டில் தகப்பனார் தெலுங்குக் கட்சிக்கும் பிள்ளை தமிழ்க் கட்சிக்கும் பரிந்து பேசுவதும் உண்டு. நான் மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன். ஆதலால், ஊருக்குச் செல்லும்போது உறவினர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "பையன் நன்றாகக் கபடி ஆடுகிறான், ஏலத்தில் கோடிக்கணக்கில் கொடுக்கிறார்களாமே, படிப்பை நிறுத்திவிட்டு அதிலேயே விட்டுவிடலாமா?" இக்கேள்வி எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. தாய்நாட்டை விட்டுப் பிழைக்க வந்த இடத்தில், பிள்ளைகளுக்கு எது நிலைக்கும் என்று எண்ணிப் பார்க்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் உரியது.

முதலில் அமெரிக்க ஆட்டத்தைக் கவனிப்போம். அது காலால் பந்தை உதைக்கும் நம் காற்பந்தாட்டம் அன்று. பந்து நெல்லிக்காய்போல் உருண்டையாக இல்லாமல் இருபுறமும் கூம்பி நீண்டிருக்கும். கட்சிக்குப் பதினொரு பேர். மைதானம் 100 கெஜ நீளம். பந்தை வைத்திருக்கும் கட்சி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜ தூரம் முன்னேறியாக வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிர்க்கட்சிக்குப் போய்விடும். பந்தைத் தூர எறிந்தும் முன்னேறலாம். ஒருவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியும் முன்னேறலாம். அப்படி ஓடுபவரே ரன்னிங் பேக். முன்வரிசைக்குப் பின்னால் நிற்பதால் அவருக்கு அப்பெயர். தமிழில் 'பின்னின்று ஓடுபவர்' என்று சொன்னால் பொருள் பொருந்தும். ஆனால் 'பின்வாங்கி ஓடுபவர்' என்று எவரும் தவறாகக் கொண்டுவிடக் கூடாது. அவர் ஓடுவது முன்னோக்கி. அதுவும் மனிதச் சுவரை நோக்கி.

இந்த ஓட்டத்தின் தன்மையை விளக்க ஒரு கணக்குச் சொல்கிறேன். ஜிம் பிரௌன் என்பவர் 1957 முதல் 1965 வரை கிளீவ்லாந்து நகரத்துக் கட்சிக்கு ஆடினார். அத்தொழிலில் தலைசிறந்தவர் என்று இன்றும் மதிக்கப்படுபவர். ஒன்பது பருவங்களில் அவர் 2,359 முறை பந்தை ஏந்தி ஓடி, 12,312 கெஜம் முன்னேறினார். அதாவது, சுமார் ஏழு மைல். சாதாரணமாக நடக்கத் தெரிந்த ஒருவர் இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய தூரம் அது. ஒன்பது ஆண்டு உழைப்பின் பலன் ஏழு மைல் என்றால், ஒவ்வொரு கெஜமும் எவ்வளவு அடிபட்டும் மிதிபட்டும் கிடைத்திருக்க வேண்டும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஜிம் பிரௌன் 1966ஆம் ஆண்டு, தம் முப்பதாவது வயதில், வலிமை குன்றுவதற்கு முன்பே ஆட்டத்திலிருந்து விலகினார். அப்போது அவர் திரைப்படத்தில் நடிக்கத் தொடங்கியிருந்தார். போகுமிடம் தெரிந்தவர் புறப்பட்டுவிட்டார் என்று கொள்ளலாம்.

எல்லோருக்கும் அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. டெரல் டேவிஸ் என்ற மற்றொருவர் 1995ஆம் ஆண்டு, 195 பேர் தெரிந்தெடுக்கப்பட்ட பிறகு 196ஆவது ஆளாக டென்வர் நகரத்துக் கட்சியில் சேர்ந்தார். நான்கே ஆண்டுகளில் அவர் நாட்டின் முதல்தர ஆட்டக்காரர் ஆனார். 1998ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் 2,008 கெஜம் ஓடினார். அவர் கட்சி அடுத்தடுத்து இரண்டு முறை பட்டம் வென்றது. 1999ஆம் ஆண்டு, பருவத்தின் நான்காவது ஆட்டத்தில், எதிரி கைப்பற்றிக்கொண்டு ஓடிய பந்தைத் தடுக்கச் சென்றபோது அவருடைய முழங்கால் முறிவுற்றது. அதன்பின் அவரால் பழையபடி ஓட இயலவில்லை. 2002ஆம் ஆண்டு, முப்பது வயது நிறைவதற்கு முன்பே, ஆட்டத்தை விட்டார். பெருமை பின்னர் வந்தது. 2017ஆம் ஆண்டு அந்த ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. ஆனால் கால் திரும்பி வரவில்லை.

அமெரிக்காவில் இத்தொழிலில் ஒருவர் நிலைக்கும் காலம் சராசரியாக மூன்று ஆண்டுகளுக்கும் குறைவு என்று வழக்கமாகச் சொல்வார்கள். அங்குள்ள ஏற்பாட்டின்படி, ஆட்டக்காரருக்கு ஓய்வூதிய உரிமை கிடைக்க மூன்று பருவங்கள் ஆடியிருக்க வேண்டும். இவ்விரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும்; நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்னொரு நுட்பமும் அங்கே உண்டு. கல்லூரியில் ஆடிவிட்டு ஒருவர் தொழிலுக்கு வரும்போது வயது இருபத்தொன்று அல்லது இருபத்திரண்டு இருக்கும். தேர்வின் வழியாக வருபவருடைய முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கு. ஊதியமும் பெரும்பாலும் முன்பே வரையறுக்கப்பட்டது. அந்த நான்கு ஆண்டுகளில்தான் அவர் காலில் முழு வலிமையும் இருக்கிறது. அது முடிந்து, "இனி எனக்குரிய விலையைக் கொடுங்கள்" என்று அவர் கேட்கும் நேரத்தில், முதலாளிகள் அவர் வயதைப் பார்க்கிறார்கள், இருபத்தாறு. எத்தனை முறை அடிபட்டிருக்கிறார் என்று எண்ணுகிறார்கள். பிறகு, குறைந்த ஊதியத்துக்குக் கல்லூரியிலிருந்து வரும் புதிய கால்களைத் தேடிப் போகிறார்கள். 2023ஆம் ஆண்டு ஜூலையில் இத்தொழிலிலுள்ள முன்னணி ஆட்டக்காரர்கள் ஒன்றுகூடி இதைப் பற்றிக் கலந்து பேசும் அளவுக்கு மனக்குறை முற்றியிருந்தது. விலை குறைந்தவர்கள் எல்லோரும் வலிமை குறைந்தவர்கள் அல்லர் என்பதற்கும் சான்று உண்டு. அப்போது குறைப்பட்டுக்கொண்டவர்களில் ஒருவரான சாக்குவான் பார்க்லி, கட்சி மாறி, 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் 2,005 கெஜம் ஓடிக் காட்டினார். ஆனால் அவரைப் போன்றவர் அரிதினும் அரிது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கபடியில் கட்சிக்கு ஏழு பேர். பாடிச் செல்பவர் நடுக்கோட்டைத் தாண்டி, ஒரே மூச்சில் 'கபடி, கபடி' என்று சொல்லிக்கொண்டு, எதிரிகளைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். தொழில்முறைப் பந்தயங்களில் இதற்கு 30 வினாடிதான் அவகாசம். அமெரிக்க ஓட்டக்காரருக்கு முன்னே வழி திறந்துவிடத் தம் கட்சியார் பலர் இருப்பார்கள். நம் ரைடர் தனியாகவே போக வேண்டும். தனியாகவே மீள வேண்டும். அங்கே தலைக்கவசமும் தோட்கவசமும் உண்டு. இங்கே பனியனும் அரைக்கால் சட்டையுமே கவசம்.

ஓடுகிறவர்களின் தொழில் குறுகியது என்பது கபடியிலும் உண்மைதானா என்று கேட்கலாம். தஞ்சை மாவட்டத்துத் திருச்சணம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் 2016ஆம் ஆண்டு, தம் 41ஆம் வயதில், பாட்னா கட்சிக்குத் தலைமை தாங்கிப் பட்டம் வென்றார். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்தியக் கட்சியிலும் இருந்தார். 2019ஆம் ஆண்டு, 44ஆம் வயதிலும், ஹரியானா கட்சியின் தலைவராக ஆடினார். ஆனால் அவர் பிடிப்பவர். பாடிச் செல்பவர் அல்லர். பிடிப்பவருக்கு அனுபவம் கைகொடுக்கும். எங்கே நிற்பது, எப்போது பாய்வது என்பதை வயது கற்பிக்கும். பாடிச் செல்பவருக்கோ அரை வினாடி தாமதம் ஆட்டத்தையே முடித்துவிடும். வயது முதலில் திருடுவது அந்த அரை வினாடியைத்தான்.

2014ஆம் ஆண்டு ஜூலையில் புரோ கபடி லீக் என்னும் தொழில்முறைப் போட்டி தொடங்கியது. அதுவரை வேலைகொடுத்த நிறுவனத்துக்காக ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஏலத்தில் விலை வைக்கும் வழக்கம் அதனோடு வந்தது. இந்த ஏலத்தின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒருவருடைய வாழ்க்கையிலேயே காணலாம். அவர் பவன் செஹ்ராவத். டெல்லியைச் சேர்ந்தவர்; 1996இல் பிறந்தவர்; இந்திய ரயில்வேக் கட்சிக்காகவும் ஆடியவர்.

2019ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த இறுதியாட்டத்தில் அவர் ஒருவரே 22 புள்ளிகள் எடுத்துப் பெங்களூர்க் கட்சிக்குப் பட்டம் பெற்றுத் தந்தார். அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், ஹரியானா கட்சிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 39 ரைடுப் புள்ளிகள் எடுத்தார். 2022ஆம் ஆண்டு ஏலத்தில் தமிழ் தலைவாஸ் கட்சி அவரை 2 கோடியே 26 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அதுவரை எவருக்கும் அவ்வளவு விலை கிடைத்ததில்லை. எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளில் அன்று எத்தனை பெருமிதம்!

அந்தப் பருவத்தின் முதல் ஆட்டம் 2022 அக்டோபர் 8ஆம் நாள் பெங்களூரில் குஜராத் கட்சியோடு நடந்தது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில், எதிர்க்கட்சி ரைடரைப் பிடிக்க முயன்றபோது, பவனுடைய முழங்காலில் பலத்த காயம் ஏற்பட்டது. தூக்கிச் சென்றார்கள். அந்தப் பருவம் முழுவதும் அவர் மீண்டும் ஆடவில்லை. டெரல் டேவிசுக்கு நேர்ந்ததை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். இருவரும் ஓடுவதில் வல்லவர்கள். இருவருக்கும் முழங்கால் போனது ஓடும்போது அன்று, மற்றவரைத் தடுக்கச் சென்றபோது.

தலைவர் இல்லாத தமிழ்க் கட்சி என்ன ஆயிற்று? நரேந்தர் என்ற புதிய இளைஞர் பாடிச் செல்லும் பொறுப்பை ஏற்று, அப்பருவத்தில் 240க்கு மேற்பட்ட ரைடுப் புள்ளிகள் எடுத்தார். கட்சி முதன்முறையாக அரையிறுதி வரை சென்றது. கட்சிக்கு இது நற்செய்தி. ஆனால், காயத்தோடு படுத்திருப்பவர் காதில் இது எப்படி ஒலிக்கும் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். ஓடுபவருடைய இடம் ஒருநாளும் வெறுமையாக இருப்பதில்லை. வேறொரு கால் வந்து அதை நிரப்பிவிடுகிறது.

பவன் தளர்ந்துவிடவில்லை. 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கட்சிக்குத் தலைமை தாங்கினார். 1990ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து ஏழு முறை தங்கம் வென்ற நம் கட்சி, 2018இல் ஈரானிடம் அரையிறுதியில் தோற்றிருந்தது. இம்முறை இறுதியாட்டத்தில் அதே ஈரானை 33க்கு 29 என்ற கணக்கில் வென்று, தங்கத்தை மீட்டார்கள். அதற்குச் சில நாட்களுக்குள் நடந்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் கட்சி அவரை 2 கோடியே 60 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தது. பெருமிதம் எங்கள் ஊரில் எதிர்வீட்டுக்கு மாறியது; அவ்வளவுதான்.

ஒரு கட்சி அந்த ஆண்டு ஆட்டக்காரர்களுக்காகச் செலவிடக்கூடிய மொத்தப் பணம் 5 கோடி ரூபாய். அதில் பாதிக்கு மேல் ஒருவருக்குப் போய்விட்டது. எஞ்சியதை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டார்கள். அந்தப் பருவத்தில் 22 ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று, தெலுங்குக் கட்சி கடைசி இடத்தில் நின்றது. பவன் இருநூறுக்கு மேற்பட்ட ரைடுப் புள்ளிகள் எடுத்தும் பயனில்லை. தனிமரம் தோப்பாகாது என்பது ஏலத்துக்கும் பொருந்தும் பழமொழி.

அதன்பின் விலை இறங்கியது. 2024ஆம் ஆண்டு அதே கட்சி அவரை 1 கோடியே 72 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு வைத்துக்கொண்டது. 2025ஆம் ஆண்டு ஏலத்தில் தமிழ்க் கட்சி அவரை மீண்டும் எடுத்தது. இப்போது விலை 59 இலட்சத்து 50 ஆயிரம். அப்பருவத்தின் நடுவிலேயே அவர் அக்கட்சியை விட்டுப் பிரிந்தார். இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காக விலை சுருங்கிவிட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. மற்ற உத்தியோகங்களில் அந்த வயதில்தான் முதல் பதவி உயர்வை எதிர்பார்க்கத் தொடங்குவோம்.

இது ஒருவருடைய விதி என்று தள்ளிவிட முடியாது. பிரதீப் நர்வால் என்பவர் 2017ஆம் ஆண்டு ஒரே பருவத்தில் 369 ரைடுப் புள்ளிகள் எடுத்தவர். தம் வாழ்நாளில் 1,800க்கு மேற்பட்ட புள்ளிகள் எடுத்து எல்லோருக்கும் முன்னால் நின்றவர். 2021ஆம் ஆண்டு அவர் விலை 1 கோடியே 65 இலட்சம். 2024ஆம் ஆண்டு 70 இலட்சம். 2025ஆம் ஆண்டு ஏலத்தில் அவரைக் கேட்பார் எவரும் இல்லை. அடுத்து, இருபத்தெட்டாம் வயதில், ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்களெல்லாம் மலையுச்சியை எட்டியவர்கள். 2025ஆம் ஆண்டு ஏலத்தில் கடைசி வகுப்பாரின் தொடக்க விலை 9 இலட்சம் ரூபாய். அது ஒரு பருவத்துக்குரிய தொகை. அடுத்த பருவத்துக்கு உறுதி எதுவும் இல்லை. அந்த வகுப்பில் பெயர் வருவதற்கே மாவட்டத்தில், மாநிலத்தில், தேசியப் பந்தயத்தில் என்று பல படிகளை ஏறியிருக்க வேண்டும். பத்திரிகையில் வருவது 2 கோடியின் செய்தி. 9 இலட்சம் செய்தியாவதில்லை. ஒன்றுமே கிடைக்காதவரைப் பற்றி எவரும் எழுதுவதுமில்லை.

அப்படியானால் பிள்ளைகள் ஆடவே கூடாதா? நான் சொல்ல வருவது அதுவன்று. விலை வேறு, ஊதியம் வேறு என்பதைத்தான் வற்புறுத்த விரும்புகிறேன். விலை காலுக்கு, ஊதியம் மனிதனுக்கு. ஏலம் தோன்றுவதற்கு முன்பிருந்தே நம் நாட்டில் கபடியை வளர்த்தது ஊதியமே. ரயில்வேயும் போலீஸும் மின்சார வாரியங்களும் வங்கிகளும் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்தன. தம் கட்சிக்கு ஆட அனுப்பின. கால் ஓய்ந்த பிறகும் மேசையும் நாற்காலியும் மாதச் சம்பளமும் கொடுத்து வைத்துக்கொண்டன.

தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி என்னும் கிராமத்திலிருந்து வந்தவர் கணேசன். 1994ஆம் ஆண்டு ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கட்சியில் ஆடினார். 1995ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்க்கையைத் தழுவி 2025ஆம் ஆண்டு மாரி செல்வராஜ் 'பைசன்' என்ற திரைப்படத்தை எடுத்தார். படம் பார்த்தவர்கள் அவருடைய ஓட்டத்தைப் பாராட்டுகிறார்கள். அவருக்குத் தமிழ்நாடு மின்சார வாரியத்தில் கிடைத்த பணியையும் சேர்த்தே நாம் பாராட்ட வேண்டும். கிராமத்து இளைஞன் ஒருவன் ஆட்டத்தில் உயர்ந்து குடும்பத்தையும் நிலைநிறுத்த அதுவல்லவா அடித்தளம்!

தமிழ் தலைவாஸ் கட்சிக்கு முன்பு தலைமை தாங்கிய அஜய் தாக்கூர் ஹிமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்தவர். 2016ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஈரானுக்கு எதிராகப் பாடிச் சென்று வெற்றி தேடித் தந்தவர். 2019ஆம் ஆண்டு பத்மஸ்ரீ பெற்றவர். அவர் தம் மாநிலப் போலீஸில் துணைக் கண்காணிப்பாளர். 2020ஆம் ஆண்டு கொரோனா தொற்றின்போது சீருடையோடு தெருவில் நின்று கடமையாற்றினார். ஏலத்தில் அவரை எடுப்பார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தச் சீருடை அவருக்கு இருந்தது.

ஆகவே, உறவினர்கள் என்னிடம் கேட்கும் கேள்விக்கு என் விடை இது. பையன் ஆடட்டும், நன்றாக ஆடட்டும். ஆனால் படிப்பை நிறுத்த வேண்டாம். காரணம் ஒழுக்க உபதேசம் அன்று. சட்டதிட்டமே அப்படி அமைந்திருக்கிறது. மத்திய அரசின் விதிகளின்படி, மூன்றாம் பிரிவுப் பணிகளில் நேரடியாக நிரப்பப்படும் இடங்களில் நூற்றுக்கு 5 வரை சிறந்த விளையாட்டு வீரர்களுக்குக் கொடுக்கலாம். ஆயினும் அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி அவர்களுக்கும் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பை முடிக்காதவர், பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கேட்கும் பணிக்கு, எத்தனை பதக்கம் வைத்திருந்தாலும் விண்ணப்பிக்க முடியாது.

அடுத்தபடியாகச் சான்றிதழ்கள். நாட்டுக்காகவோ மாநிலத்துக்காகவோ ஆடியிருக்க வேண்டும். அல்லது பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடக்கும் பந்தயத்தில் பல்கலைக்கழகத்துக்காகவோ, தேசியப் பள்ளி விளையாட்டில் மாநிலப் பள்ளிக் கட்சிக்காகவோ ஆடியிருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கையெழுத்திட உரிய அதிகாரி வேறு, படிவம் வேறு. கோயில் திருவிழாவில் கொடுத்த கேடயம் வீட்டு அலமாரிக்கு அழகு சேர்க்கும், விண்ணப்பத்துக்கு உதவாது. ஆடிய ஆண்டிலேயே உரிய படிவத்தில் சான்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பத்து ஆண்டு கழித்துத் தேடினால், கையெழுத்திட வேண்டியவர் மாறிப் போயிருப்பார்.

பிற ராஜ்யங்களில் வாழும் தமிழர்களுக்கு இதில் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. நம் பிள்ளைகள் தாம் படிக்கும் மாநிலத்துக்காக ஆடுவதே இயல்பு. ஆந்திரத்தில் படிக்கும் தமிழ்ப் பிள்ளை ஆந்திரத்துக்காகவும், மகாராஷ்டிரத்தில் படிக்கும் பிள்ளை மகாராஷ்டிரத்துக்காகவும் ஆடுவதில் குறை எதுவும் இல்லை. மத்திய அரசுப் பணிக்கு அந்தச் சான்று எம்மாநிலத்தது என்பது தடையாவதில்லை. எண்ணிப் பார்த்தால், தமிழ்க் கட்சிக்கு டெல்லிக்காரர் வருகிறார், ஹிமாசலக்காரர் வருகிறார், தஞ்சாவூர்க்காரர் பாட்னாவுக்குப் போகிறார். அவர்களும் நம்மைப் போலப் பிழைப்புக்காக ஊர் பெயர்ந்தவர்களே. எந்தச் சட்டையை அணிந்தார் என்பதைக் காட்டிலும், அந்தச் சட்டையைக் கழற்றிய பிறகு என்ன ஆனார் என்பதே குடும்பத்தார் கேட்க வேண்டிய கேள்வி.

பிள்ளையை ஒரு கட்சியில் சேர்க்கும்போது மூன்று செய்திகளை விசாரித்து அறியுங்கள். காயம்பட்டால் வைத்தியச் செலவை ஏற்பவர் யார்? காயத்தால் ஆட முடியாத மாதங்களுக்குப் பணம் உண்டா? ஆட்டம் இல்லாத காலத்தில் பையனுக்கு என்ன வேலை? இவற்றுக்குத் தெளிவாக விடை கூறும் இடம் விலை குறைவாகச் சொன்னாலும் நல்ல இடமே. விலையை மட்டும் உரக்கச் சொல்லி, மற்றவற்றில் வாய் மூடியிருக்கும் இடத்தில் சற்றே தயங்குவது விவேகம்.

பார்வையாளர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. ஏலத்தில் உயர்ந்த விலையைக் கேட்டுக் கைதட்டுகிறோம். அடுத்த ஆண்டு அவர் தடுமாறினால், "இவனுக்கா இவ்வளவு பணம்?" என்று ஏளனம் செய்கிறோம். அவர் கேட்டு வாங்கிய விலை அன்று அது. மற்றவர்கள் போட்டியிட்டு ஏற்றிய விலை. அதை ஏற்றியவர்களே இறக்கவும் செய்கிறார்கள். நடுவில் அடிபடுவது அந்த முழங்கால் ஒன்றே. ஆட்டக்காரர் ஆட முடியாதபோதும் அவர் பெயரை மரியாதையோடு சொல்லும் பழக்கம் நம்மிடம் இருந்தால், அவரை வைத்துப் பணம் ஈட்டுகிறவர்களுக்கும் அந்தப் பழக்கம் ஒருநாள் வரக்கூடும்.

கால் ஓடும் காலம் சிறிது. அதை எந்த விலையாலும் நீட்ட இயலாது. அந்தச் சிறிய காலத்தைக் கொண்டு நீண்டதொரு வாழ்க்கையை அமைத்துக்கொள்ளும் வழி மட்டும் நம் கையில் இருக்கிறது. வீட்டில் கபடி ஆடும் பிள்ளை இருந்தால், இன்று அவன் எடுத்த புள்ளிகளைக் கேட்டு மகிழுங்கள். கூடவே, நாளைக்குப் பள்ளிக்கூடப் பாடம் எழுதிவிட்டானா என்பதையும் கேட்டுவிடுங்கள்.